மாணவர் சங்கம் அஜினுக்குச் சொன்ன பதில்

1

இந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் கருத்து வாரம், பருவத்துக்கு ஒருமுறை வருவது. திங்கட்கிழமை காலையில் போனதும் முதல் வேலையாக வாசலில் ஒரு மேசை போட்டு அதன்மேல் மூன்று பெட்டிகளை வைத்தேன். ஒன்றில் சிரிக்கும் முகம், ஒன்றில் சும்மா இருக்கும் முகம், ஒன்றில் அழும் முகம். மாணவர்கள் தங்கள் குறையை ஒரு சீட்டில் எழுதி, மனதுக்கு ஏற்ற முகத்துக்குக் கீழே போட வேண்டும். போடுகிறவர்களுக்கு ஒரு டோநட் இலவசம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. டோநட்டுக்காகவே நல்ல கூட்டம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். அதன் மாணவர் சங்கத்தில் ஆலோசனை மேசையில் இருக்கிறேன். சங்கம் என்றதும் கொடியையும் கோஷத்தையும் நினைக்க வேண்டாம். கண்ணாடிக் கட்டடம், கீழே காபிக்கடை, மேலே அலுவலகம், என்னைப் போலச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்களும் உண்டு. அவர்களுக்கும் சம்பளம் உண்டு. எல்லாருடைய சம்பளமும் பல்கலைக்கழகத்திடம் இருந்துதான் வருகிறது. என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லும்போது, பியூலா அங்கே காலேஜில் கிளார்க்காக இருக்கிறாள் என்று முடித்துக்கொள்வாள். நானும் திருத்துவதில்லை.

பெட்டிகளை நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அஜின் ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்று உறைத்தது. போன வருடமும் இதே பருவத்துக் கருத்து வாரம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவன் விமானம் ஏறினான்.

2

அஜின், சுயம்பு அண்ணனுடைய மகன். அவரைச் சொல்லாமல் இவனைச் சொல்ல முடியாது.

நாகர்கோவிலில் நான் படித்த கல்லூரியில் சுயம்பு அண்ணன் எனக்கு மூத்த வகுப்பு. அஞ்சுகிராமத்துக்காரர். நான் தோவாளை. சாயங்காலம் வகுப்பு விட்டதும் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லாரும் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்போம். வடசேரி பஸ் நிலையத்திலேயே ஆட்களும் காலிப் பூக்கூடைகளுமாக நிறைந்து வருகிற பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காது. பின்னால் ஒன்று வருகிறது என்று டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பின்னால் ஒன்றும் வராது. இருட்டிய பிறகு வீடு சேர்ந்தால் ஏச்சு. என்னோடு படித்த ஒருத்தியை இதற்காகவே படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் சுயம்பு அண்ணன்தான் மாணவர் சங்கத் தலைவர். சங்கத்துக்கு அறைகூடக் கிடையாது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவரைப் பிடித்து நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். அவர் முதல்வரிடம் போனார். பிறகு டிப்போவுக்குப் போனார். இரண்டு இடத்திலும் பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாள் பஸ் வரும் நேரத்தில் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கூடவே கொஞ்சம் பையன்களும் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் பையன்களின் அப்பாமார் வந்து மன்னிப்பு எழுதிக்கொடுத்துப் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தார்கள். சுயம்பு அண்ணன் எழுதவில்லை. நான் செய்த தப்பு என்ன என்று சொன்னால் எழுதித் தருகிறேன் என்று முதல்வரிடம் சொன்னாராம். கடைசிப் பரீட்சைக்கு முன்னால் அவரை நீக்கிவிட்டார்கள். நாங்கள் பெண்கள் சேர்ந்து முதல்வர் அறைக்குப் போய்ப் பேசிப் பார்த்தோம். வகுப்புக்குப் போங்கள் என்றார்.

பஸ் கொஞ்ச நாள் நின்றது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

பட்டம் வாங்காமல் சுயம்பு அண்ணன் அஞ்சுகிராமத்தில் உரக்கடை வைத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் கடைக்குப் போய் அவரைப் பார்ப்பேன். கல்லூரிப் பேச்சை அவர் எடுக்கவே மாட்டார். மகனைப் படிக்க வைக்க வேண்டும், அவன் படித்து முடிக்க வேண்டும் என்பார். முடிக்க வேண்டும் என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் விழும்.

3

அந்த மகன் இங்கே இரண்டு வருட முதுகலை படிக்க வந்தான். நான் இருக்கிறேன் என்பதால்தான் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் நாள் என் மேசைக்கு முன்னால் ஒல்லியாக, அளவு பெரிய ஒரு கோட்டுக்குள் நின்றுகொண்டு, "அங்க அத்தை இருக்காவ, ஒண்ணும் பேடிக்காண்டாம்னு அப்பா சொன்னாவ," என்றான். பயப்பட வேண்டாம் என்பதை அந்த இழுப்போடு எவ்வளவு காலத்துக்குப் பிறகு நேரில் கேட்கிறேன் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்போது வாசலில் நிற்பான். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான். என் கணவருக்கு அவனோடு ஊர்க் கதை பேசினால் பொழுது போவதே தெரியாது. என் மகள் ஷெரின்தான் முதலில் ஒட்டவில்லை. மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழ் புரியும். பேச வேண்டுமென்றால் மனதுக்குள் ஆங்கிலத்தில் எழுதி, அதைத் தமிழாக்கி, வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். அவன் தமிழில் கேட்பான், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவன் ஆங்கிலத்தில் பேசினால், கொஞ்சம் மெதுவாகச் சொல் என்பாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி சொல்வான்.

ஷெரின் அப்போது பட்டப்படிப்பை முடிக்கும் வருடம். சங்கத் தேர்தலில் கல்விப் பொறுப்பாளர் பதவிக்கு நின்றாள். நான் வேலை பார்க்கும் இடம் என்பதால் தேர்தல் முடியும்வரை நான் பிரசாரத்தின் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்காகக் காலையில் இருந்து சாயங்காலம் வரை மழையில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தவன் அஜின். வெளிநாட்டு மாணவர்கள் இருக்கும் விடுதிகளில் கதவு கதவாகத் தட்டினான். அவள் கொடுத்த முக்கியமான வாக்கு ஒன்றுதான்: வருகைப் பதிவு செயலியைச் சரிசெய்ய வைப்பேன்.

அவள் ஜெயித்தாள். அன்று எங்கள் வீட்டில் அஜின்தான் பாயசம் வைத்தான். கொஞ்சம் அடிபிடித்துவிட்டது. ஷெரின் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.

4

அந்தச் செயலி என்னவென்று சொல்கிறேன். விசாவில் படிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் போனவுடன் செல்போனில் அதைத் திறந்து, நான் வந்திருக்கிறேன் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வரவில்லை என்று அர்த்தம். வராத வகுப்புகள் கூடிப்போனால் பல்கலைக்கழகம் அரசாங்கத்துக்குச் சொல்லிவிடும். விசா போய்விடும். ஆனால் அஜினுடைய வகுப்புகள் பாதிக்குமேல் நடந்தது ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில். அங்கே சிக்னல் கிடையாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அது வரவில்லை என்று எழுதியது.

ஷெரின் பதவிக்கு வந்தபின் நடந்த முதல் கருத்து வாரத்துச் சீட்டுகளில் இதைத்தான் நிறையப் பேர் எழுதினார்கள். அழும் முகத்துப் பெட்டியைக் கொட்டிப் பிரிக்கும் வேலை என்னுடையது என்பதால் எனக்குத் தெரியும். அடுத்தபடியாக, சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். சைவச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று கொஞ்சம் பேர்.

சில வாரங்களில் சங்கம் பதில் சுவரொட்டி ஒட்டியது. நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம் என்று தலைப்பு. மைக்ரோவேவ் புதிதாக வாங்கப்பட்டது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். செயலிக்கு நேராக, உங்கள் கவலையைப் பல்கலைக்கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றிருக்கிறோம் என்று இருந்தது.

ஷெரின் உண்மையாகவே கொண்டுபோனாள். மாதாமாதம் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் கூட்டத்தில் பேசினாள். அவர்கள் கவனித்துக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், பரிசீலிக்க ஒரு குழு போடுவதாகச் சொன்னார்கள். குழு அடுத்த கல்வியாண்டில் கூடும் என்றார்கள். சரிசெய்யும்வரை யாரையும் அந்தக் கணக்கை வைத்து நீக்கக்கூடாது என்று கோருங்கள் என அஜினும் அவன் வகுப்புப் பிள்ளைகளும் அவளிடம் வந்து கெஞ்சினார்கள். அதைக் கேட்டால் உறவு கெட்டுவிடும், பிறகு எதையுமே பேச முடியாமல் போய்விடும் என்று எங்கள் மேலாளர் அவளுக்கு அறிவுரை சொன்னார். அவர் நல்ல மனிதர்தான். நிறையப் பொறுப்பாளர்கள் வந்துபோவதைப் பார்த்தவர்.

அந்த நாட்களில் வீட்டில் ஷெரினுடைய பேச்சு மாறியது. சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டால், கேட்டதற்கு நன்றி அம்மா, ஆனால் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்பாள். அப்பாவோடு சண்டை வந்தால், உங்கள் கவலை எனக்குப் புரிகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்து போவாள். முன்பெல்லாம் கதவை அடித்துச் சாத்துவாள். அதுவே தேவலை என்று தோன்றும்.

5

குளிர் காலத்தில் அஜினுக்கு ஒரு சோதனை வந்தது. எங்கள் மாவட்டத்துச் சிதறால் பக்கத்துப் பையன் ஒருவன், அஜினுடைய பள்ளி விடுதித் தோழன், இங்கே வேறொரு நகரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து வந்தான். அவனுக்குக் குடல்வால் வெடித்து அவசர அறுவை சிகிச்சை. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை. அஜின் போய் ஒரு வாரம் கூட இருந்தான். போகும்போது துறைக்கு முறையாக மின்னஞ்சல் எழுதிவிட்டுத்தான் போனான். நம்மூரில் எந்த அலுவலகத்திலும் எழுதுகிற மாதிரி, நண்பனின் உடல்நிலை காரணமாக நான் அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று எழுதினான்.

நிலவறை வகுப்புகள் ஏற்கெனவே அவனை வராதவனாக ஆக்கியிருந்தன. இந்த வாரமும் சேர்ந்ததும் கணக்கு எல்லை தாண்டியது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரணைக்கு மாணவனோடு சங்கத்தில் இருந்து ஒரு ஆலோசகர் போகலாம். நான் போயிருப்பேன். ஆனால் பையனின் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று விதிப்படி எழுதிக்கொடுத்திருந்தேன். தெரிந்தவர்கள் போகக்கூடாது. என்னோடு வேலை பார்க்கும் ஹெலன் போனாள். நான் மேசையில் உட்கார்ந்து லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த ஹெலன் சரியாகப் போகவில்லை என்றாள். அவன் மாற்றி மாற்றிப் பேசிவிட்டான் என்றாள். என்ன மாற்றிப் பேசினான் என்று கேட்டேன். மின்னஞ்சலில் ஸ்டேஷனில் இல்லை என்று எழுதியிருக்கிறான், எந்த ஸ்டேஷன் என்று கேட்டதற்கு, நண்பன் இருக்கும் நகரத்தின் ரயில் நிலையத்தில் போய் இறங்கியதாகச் சொல்கிறான், அப்படியானால் ஸ்டேஷனில் இருந்தாயா இல்லையா என்று கேட்டால் முழிக்கிறான் என்றாள்.

அது வெளியூர் போயிருக்கிறேன் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் ஆங்கிலம், வேறு ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொன்னேன். ஹெலன் வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியவில்லையே பியூலா என்றாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. அவள் இந்த ஊரில் பிறந்தவள்.

முடிவு வந்தது. மாணவரின் விளக்கம் முன்னுக்குப்பின் முரணாக இருக்கிறது, ஏற்பதற்கில்லை, அவர் நீக்கப்படுகிறார். மேல்முறையீட்டில் அந்தச் சொல்லின் அர்த்தத்தை விளக்கி எழுதினோம். விசாரணையின்போதே சொல்லியிருக்கக்கூடிய தகவலைப் புதிய தகவலாக ஏற்க முடியாது என்று பதில் வந்தது. மருத்துவமனைத் தாள்களையும் அனுப்பினோம். நோயாளி அஜின் இல்லை என்று சுட்டிக்காட்டினார்கள்.

கடைசியாக ஷெரினிடம் போனான். அவளுடைய அறைக்குப் பக்கத்தில்தான் என் மேசை. கதவு திறந்துதான் இருந்தது. ஓட்டுக் கேட்ட ஷெரினாகப் பேசு, பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போய்ச் சொல் என்று கேட்டான். தனிப்பட்ட வழக்குகளில் பொறுப்பாளர்கள் தலையிட முடியாது என்று அவள் சொன்னாள். குரல் மென்மையாகத்தான் இருந்தது. உன் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி, இதைப் பரிசீலனைக் குழுவுக்குக் கண்டிப்பாகச் சேர்ப்பேன் என்றாள். அவன் தமிழுக்கு மாறினான்.

"ஷெரினு, அந்தக் குழு கூடும்பம் நான் இஞ்ச இருக்க மாட்டேன்."

அவன் வெளியே வந்து என்னைப் பார்த்து, போயிட்டு வாறேன் அத்தை என்றான். நான் எழுந்து அவன் பின்னால் படிக்கட்டுவரை போனேன். அவன் திரும்பவில்லை.

6

அவனை வழியனுப்ப நாங்கள் மூன்று பேரும் போனோம். ஷெரினும் வந்தாள். அஜின் புத்தகங்களை எல்லாம் இங்கேயே விட்டுவிட்டான். வந்த நாளில் போட்டிருந்த பெரிய கோட்டை மட்டும், ஊரில் எதற்கு என்று சொல்லியும் கேட்காமல், கையில் மடித்து வைத்திருந்தான். ஷெரின் கைகொடுத்தாள். அவனும் கொடுத்தான். உள்ளே போனான்.

அதற்குப் பிறகு அவள் அனுப்பும் செய்திகளுக்கு அவன் பதில் போட்டதில்லை. எனக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வந்தது. கொஞ்ச நாள் அப்பாவின் கடையில் உட்கார்ந்தான். இப்போது மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை. படிப்பைப் பற்றிப் பேச்சு இல்லை.

பரிசீலனைக் குழு கூடியதா என்றால், கூடியது. செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று வண்ணத்தில் ஒரு கையேடு வந்தது. நிலவறையில் சிக்னல் இன்னும் இல்லை. ஷெரினுடைய ஒரு வருடப் பதவி முடிந்தது. அவளுடைய கூட்டப் பேச்சு பல்கலைக்கழகத்துக்குப் பிடித்துப்போய், மாணவர் கருத்துகளைத் தொகுக்கும் பிரிவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இனி எங்கள் பெட்டிகளில் விழுவதெல்லாம் கடைசியில் அவளிடம்தான் போகும். நல்ல வேலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் கணவர் சர்ச்சில் கேக் வாங்கிக் கொடுத்தார்.

7

இன்று சனிக்கிழமை, வீட்டில் இருந்தேன். மதியம் சுயம்பு அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன். கடையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் யூரியா மூட்டைகள். அஜின் மஸ்கட்டில் வேறு இடத்துக்கு மாறியிருக்கிறான், சாப்பாடு பரவாயில்லையாம் என்று சொன்னார். எங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றி இந்த ஒரு வருடத்தில் ஒரு வார்த்தை அவர் என்னிடம் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஷெரின் அடுத்த அறையில் இருந்தாள். அவர் குரல் கேட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் பேசணும் என்று சைகை காட்டினாள். எனக்கு ஆச்சரியம். அவரோடு அவள் எப்போதோ சின்ன வயதில் பேசியதுதான். போனைக் கொடுத்தேன். மனதுக்குள் வார்த்தைகளைக் கூட்டிச் சேர்க்கிறாள் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

"மாமா, அஜினுக்கு நடந்தது... நாங்க கேட்டோம் மாமா. யூனியன்ல எல்லாரும் கேட்டோம்."

ஆங்கிலத்தில் காதுகொடுப்பதற்கு ஒரு சொல், உரிமையோடு கேட்பதற்கு வேறொரு சொல். நம்மிடம் இரண்டுக்கும் ஒன்றுதான். அவள் சொன்னது காதுகொடுத்ததை என்று எனக்குத் தெரியும். சுயம்பு அண்ணனுக்கு எப்படித் தெரியும். அவர் முகம் அப்படியே மாறியது. நாற்காலியை இழுத்துப் போனுக்குக் கிட்டே வந்தார்.

"கேட்டியளா மக்கா? அவன் ஒண்ணுமே சொல்லல்லியே. கேட்டதுக்கு என்ன சொன்னாவ?"

ஷெரின் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. உதவி செய் என்று கேட்கிற பார்வை. நான் சுயம்பு அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி போனைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல்ல மாமா," என்றாள்.

"சொல்ல மாட்டாவ மக்கா. எங்கயும் சொல்ல மாட்டாவ. நீங்க கேட்டிய பாத்தியா, அது போதும். எங்க பயலுக்காவ அங்க ஒரு ஆளு கேட்டுருக்கு."

அவர் கண்ணைத் துடைத்தார். ஷெரின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. போனை என் கையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

நான் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். சுயம்பு அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை நல்லாத் தமிழ் பேசுகிறாளே என்றார்.

ஆமா அண்ணே என்றேன்.